ட்வைலைட் மாஸ்குரேட்: டெக் கட்டுபவர் கண்ணால் ஒரு மதிப்பீடு

போக்கிமான் கார்டு விளையாட்டின் ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையில் 2024 மே 24 அன்று வெளியான தொகுப்பு ட்வைலைட் மாஸ்குரேட். முதன்மை வரிசையில் 167 கார்டுகள். அரிய ஓவியப் பதிப்புகளையும் சேர்த்தால் 226. முகமூடி அணிந்த ஓகர்பானின் ஓவியங்களுக்காகவே இதைச் சேகரிப்பவர்கள் பலர் உண்டு. நான் இங்கே மதிப்பிடுவது 60 கார்டுகளை ஒரு டெக்காக (ஆடும் கார்டு அடுக்காக) கோத்துப் போட்டிக்கு எடுத்துச் செல்பவருக்கு இதனால் என்ன பயன் என்பதை மட்டுமே. அந்த வகையில் இத்தொகுப்பின் பலம், பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணைப் பறிக்கும் பெரிய போக்கிமான்களைவிட, அவற்றுக்குப் பின்னால் இருந்து கைக்குக் கார்டு கொண்டுவந்து சேர்க்கும் எளிய கார்டுகளிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

டிராகபல்ட் இஎக்ஸ் இதற்குச் சரியான சான்று (‘இஎக்ஸ்’ என்பது வலிமை மிகுந்த போக்கிமான் வகை). 320 ஹெச்பி (வீழும் முன் தாங்கும் சேதம்), பலவீனம் எதுவும் இல்லை, பெஞ்சில், அதாவது பின்னால் காத்திருக்கும் வரிசையில், இருக்கும் வரை எதிரியின் தாக்குதல் சேதம் அதைத் தொடாது. பாண்டம் டைவ் என்ற அதன் தாக்குதல் ஒரு ஃபயர் எனர்ஜிக்கும் ஒரு சைக்கிக் எனர்ஜிக்கும் (எனர்ஜி என்பது தாக்குவதற்காகப் போக்கிமானோடு இணைக்கும் கார்டு) எதிரில் நிற்பவருக்கு 200 சேதம் கொடுத்து, கூடவே ஆறு டேமேஜ் கவுண்டர்களை (ஒன்று 10 சேதத்தைக் குறிக்கும்) எதிரியின் பெஞ்சில் நாம் விரும்பியபடி பிரித்து வைக்க விடுகிறது. விதியின் நுட்பம் ஒன்று இங்கே மிகவும் முக்கியம். கவுண்டர் வைப்பது ‘தாக்குதல் சேதம்’ ஆகாது. ஆகவே பெஞ்சைக் காப்பதற்காகப் பலரும் டெக்கில் வைத்திருந்த மனாஃபி இதன் முன்னால் எதுவும் செய்ய முடியாமல் நின்றது.

வலிமை இவ்வளவு இருந்தும் 200 என்ற எண் பல நேரங்களில் போதாது. இதே தொகுப்பின் டீல் மாஸ்க் ஓகர்பான் இஎக்ஸுக்கு 210 ஹெச்பி. பத்துப் புள்ளிகளில் அது தப்பிவிடும். ஆகையால் டிராகபல்ட்டை ஆடுபவர் இந்தத் திருப்பத்தில் (தன் ஆட்டமுறையில்) வைக்கும் கவுண்டரை அடுத்த திருப்பத்தில் யாரை வீழ்த்தப் போகிறோம் என்ற கணக்கோடுதான் வைக்க வேண்டும். பெஞ்சில் இருக்கும் ஓகர்பான் மீது இன்றைக்கு ஒரே ஒரு கவுண்டரை வைத்துவிட்டால், அது முன்னே வரும்போது 200 சேதம் போதும். மீதி ஐந்தை வேறொரு சிறிய போக்கிமானுக்குச் செலவிடலாம். இந்தக் கணக்கைப் போடும் சுகத்துக்காகவே இந்த டெக்கை நான் மிகவும் விரும்புகிறேன்.

ஆனால் அந்தக் கணக்கை நடத்திக் காட்டுவது ட்ரீப்பிக்கும் டிராகபல்ட்டுக்கும் நடுநிலைப் பரிணாமமான டிராக்லோக். தன் திருப்பத்தில் ஒரு முறை டெக்கின் மேலிருக்கும் இரண்டு கார்டுகளைப் பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து, மற்றதை அடியில் வைக்கும் திறன் அதற்கு உண்டு. பெஞ்சில் இரண்டு டிராக்லோக் இருந்தால் இரண்டு முறை பார்க்கலாம். ஸ்டேஜ் 2 (இரு முறை பரிணமிக்கும் போக்கிமான்) டெக் என்றாலே நான்கு ரேர் கேண்டி போட்டு நடுநிலையைத் தாண்டிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. இங்கே அது தவறு. ட்ரீப்பி நான்கு, டிராக்லோக் நான்கு, டிராகபல்ட் மூன்று என்று வைத்து, ரேர் கேண்டியை ஒன்றிரண்டாகக் குறைப்பதே நல்லது. மேலும், ஒரு டிராக்லோக்கையாவது கடைசி வரை பரிணமிக்க விடாமல் பெஞ்சிலேயே வைத்திருக்க வேண்டும். டிராகபல்ட் ஆனவுடன் அந்தத் திறன் போய்விடும்.

இந்த டெக்கின் குறை எனர்ஜி. திருப்பத்துக்கு ஒன்று என்ற விதிப்படி முதல் டிராகபல்ட்டுக்கு இரண்டு நிற எனர்ஜியையும் இணைத்துவிடலாம். அது வீழ்ந்தபின் இரண்டாவதை எழுப்பும்போதுதான் மூச்சுத் திணறும். அதற்கான மருந்து இந்தத் தொகுப்பில் இல்லை. 2024 செப்டம்பரில் வந்த ஸ்டெல்லர் கிரவுன் தொகுப்பின் கிறிஸ்பின் என்ற சப்போர்ட்டர் (திருப்பத்துக்கு ஒன்றே ஆடக்கூடிய உதவிக் கார்டு), இரு வேறு வகை எனர்ஜிகளைத் தேடி எடுத்து, ஒன்றைக் கைக்கும் மற்றொன்றைப் போக்கிமானுக்கும் தந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வெளியான வாரத்தில் தடுமாறிய கார்டை அதற்குள் கைகழுவிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

டீல் மாஸ்க் ஓகர்பானுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. கையிலிருந்து ஒரு அடிப்படை கிராஸ் எனர்ஜியைத் தனக்கே இணைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு கார்டும் எடுக்கும். திருப்பத்துக்கு ஒன்று என்று வழக்கமாக இணைக்கும் எனர்ஜியின் கணக்கில் இது சேராது. எத்தனை ஓகர்பான் இருக்கிறதோ அத்தனை முறை செய்யலாம். டெம்போரல் ஃபோர்சஸ் தொகுப்பில் முன்பே வந்திருந்த ரேஜிங் போல்ட் இஎக்ஸ், நம் போக்கிமான்கள் மீதுள்ள அடிப்படை எனர்ஜிகளைக் கழித்து, ஒவ்வொன்றுக்கும் 70 சேதம் தரக்கூடியது. ஓகர்பான்களிடம் நான்கு கிராஸ் எனர்ஜி இருந்தால் 280. ஐந்து இருந்தால் 350, அதாவது 330 ஹெச்பி உள்ள சாரிசார்ட் இஎக்ஸும் ஒரே அடியில் வீழும். போல்ட்டின் சொந்த எனர்ஜி அப்படியே மிஞ்சுவதால் அடுத்த திருப்பமும் தாக்கலாம். கழித்த கிராஸ் எனர்ஜியும் வீணாவதில்லை. புரொஃபசர் சாடாவின் சப்போர்ட்டர் கார்டு அதைக் கழிவுக் குவியலிலிருந்து எடுத்துப் போல்ட் மீது சேர்க்கும். இரு தொகுப்புகள் இவ்வளவு பொருந்தி வருவது அபூர்வம்.

ஒரு டெக்கில் ஒன்றே அனுமதிக்கப்படும் ஏஸ் ஸ்பெக் வகையில் அன்ஃபேர் ஸ்டாம்ப் தனித்து நிற்கிறது. முந்தைய திருப்பத்தில் நம் போக்கிமான் ஒன்று வீழ்ந்திருந்தால், இருவரும் கையை டெக்கில் கலக்க, நாம் ஐந்தும் எதிரி இரண்டும் எடுக்கலாம். இது சப்போர்ட்டர் அல்ல, ஐட்டம் வகைக் கார்டு என்பதால் அதே திருப்பத்தில் சப்போர்ட்டர் ஒன்றையும் ஆட முடிகிறது. முதல் பிரைஸ் கார்டை (நம் போக்கிமானை வீழ்த்தும் எதிரி எடுக்கும் பரிசுக் கார்டை) விட்டுக்கொடுத்துப் பின்னர் எழும் டிராகபல்ட் போன்ற டெக்குக்கு இதைவிடச் சிறந்த ஏஸ் ஸ்பெக் இத்தொகுப்பில் இல்லை. பிளட்மூன் உர்சாலூனா இஎக்ஸும் நல்ல கார்டுதான். எதிரி பிரைஸ் எடுக்க எடுக்க அதன் தாக்குதலுக்கான எனர்ஜி குறைவதால், எந்த நிற டெக்கிலும் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்துக்கு அது உதவும்.

வாங்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. 36 பாக்கெட்டுகள் கொண்ட பெட்டியை முழுசாக வாங்கினாலும் மூன்று டிராகபல்ட் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டெக்தான் நோக்கம் என்றால் வேண்டிய கார்டுகளைத் தனித்தனியாக வாங்குவதே முறை. டிராக்லோக் விலை குறைந்த கார்டு. அதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

புதிதாக ஆடத் தொடங்குபவருக்கு நான் சொல்வது டிப்ளின் டெக். ஃபெஸ்டிவல் கிரவுண்ட்ஸ் என்ற ஸ்டேடியம் (ஆடுகளத்தையே குறிக்கும் கார்டு) களத்தில் இருந்தால் டிப்ளின் ஒரே திருப்பத்தில் இரு முறை தாக்கும். நம் பெஞ்சில் உள்ள ஒவ்வொரு போக்கிமானுக்கும் 20 சேதம் வீதம், பெஞ்ச் நிரம்பியிருந்தால் நூறும் நூறும். முன்னே டிப்ளின் நிற்கும்போது த்வேக்கி என்ற துணைப் போக்கிமான் டெக்கிலிருந்து எந்தக் கார்டையும் தேடித் தரும். முக்கியக் கார்டுகள் எல்லாம் மலிவானவை, வீழ்ந்தால் எதிரிக்கு ஒரே ஒரு பிரைஸ்தான். ஸ்டேடியத்தை எதிரி மாற்றிவிட்டால் இரண்டாவது தாக்குதல் போய்விடும் என்பதால் ஃபெஸ்டிவல் கிரவுண்ட்ஸை நான்கு பிரதிகளும் வைத்தே கட்ட வேண்டும்.