செட்டிநாட்டு வீட்டை விற்கப் போகிறீர்களா? ‘பளிச்’ ஆளிடம் ஜாக்கிரதை

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீடு. ஐந்து புள்ளி, அதாவது பங்குள்ள ஐந்து குடும்பம். மூன்று பேர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். மதுரையில் இருக்கிறேன் என்கிற ஒரே காரணத்துக்காகச் சாவி என்னிடம். போன வருடம் ஒருவழியாக விற்றுவிடலாம் என்று ஐந்து பேரும் ஒத்துக்கொண்டோம். அதற்கே பதினோரு வருடம் ஆனது, அது தனிக்கதை.

“வர்றவங்க முகப்புல கால் வைக்கும்போதே பளிச்சுன்னு இருக்கணும்ணே” என்று தரகர் ஓர் ஆளை அனுப்பினார். வீடு விற்பனைக்குத் ‘தயார்’ செய்து தருவதுதான் தொழிலாம். முகப்பு, நடு முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டு 3,40,000 ரூபாய் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பின்கட்டுல கிடக்கிற குப்பையை நானே அள்ளிக்கிறேன், அதுக்கு நாப்பதாயிரம் கழிச்சுக்கங்க” என்றார். எனக்கு வாயெல்லாம் பல். குப்பையையும் அள்ளி, காசும் குறைக்கிறாரே என்று.

குப்பை என்றது எதை? எனாமல் பூசிய மங்குச் சட்டிகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி இரண்டு, பூச்சி அரித்த ரவிவர்மா அச்சுப் படங்கள், ஊஞ்சல் சங்கிலி, எப்போதோ கழற்றிச் சாத்தி வைத்த பர்மாத் தேக்குக் கதவுகள். ‘கழிவுப் பொருட்களை அகற்றச் சம்மதம்’ என்று ஒரே வரி எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பட்டியல் எழுதவில்லை, ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பணத்தில் இரண்டு லட்சம் ஜிபேயில் போனது. மீதி ஒரு லட்சம் கையில், ரசீது கிடையாது.

இரண்டாவது முறை போனபோது தெருவிலேயே மூக்கை அரித்தது. வளவில் இரண்டு பையன்கள் ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட்டை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பூவின் மேல் வெள்ளையாக நுரை பொங்கியது. “கறைதாண்ணே எடுக்கிறோம், காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிரும்.” காய்ந்தது. கண்ணாடியாகவில்லை. நாலு தலைமுறை நடந்து மெருகேறிய தளம் சாம்பல் பூத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல் வந்தது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் சிமெண்டைத் தின்னும். முகப்பில் இருந்த இத்தாலிப் பளிங்கையும் தின்னும், சுவரில் இருந்த சுண்ணாம்பையும் தின்னும். வெறும் தண்ணீரில் துடைத்து, பழந்துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி பிறகு சொன்னார்கள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி?” கேட்டிருக்கலாம்தான்.

சுவர்க் கதை இன்னும் மோசம். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் சில்லென்று இருக்கும். பெயின்ட் பிடிக்க வேண்டுமே என்று அதை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, மேலே பட்டி பார்த்து, கிரீம் கலர் அடித்துவிட்டார். பார்த்ததும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஐப்பசி மழையில் வண்டவாளம் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் உள்ளிழுத்த ஈரத்தை வெளியே விடும். அதற்கு வழியை அடைத்துவிட்டால்? கொப்புளம் கொப்புளமாக எழுந்து, அப்பளம் அளவுக்கு உதிர்ந்தது. தேக்குத் தூண்களுக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார், அதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

அந்த மாதம்தான் வாங்குகிறவர்கள் வந்தார்கள். பெங்களூரிலிருந்து, வீட்டை விருந்தினர் விடுதியாக்கும் எண்ணத்தோடு, கூடவே ஓர் என்ஜினியர். அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், குனிந்து தளத்தைத் தடவினார். பிறகு நிலையை அண்ணாந்து பார்த்து, “இங்கே ஒரு கஜலட்சுமி பலகை இருந்திருக்குமே?” என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். நிலைக்கு மேலே நாலு ஆணி ஓட்டை, அதன் மேல் பழுப்பு பெயின்ட். பட்டாலைக் கூடத்து ஜன்னல்களில் இருந்த சிவப்பு, நீலக் கண்ணாடிகள் போய் வெள்ளைக் கண்ணாடி ஏறியிருந்தது. “பழசா அப்படியே விட்டிருந்தீங்கன்னா பேசின விலையே கொடுத்திருப்போம்” என்றார்கள். பேசியதிலிருந்து பதினெட்டு லட்சம் குறைத்தார்கள். இன்னும் கிரயம் ஆகவில்லை.

காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்தார்கள். பலகை இருந்ததற்குப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. ‘சம்மதம்’ தாள் அவர் கையில் இருக்கிறது. கடைசியில் வேலைக் குறைபாட்டுக்காக மட்டும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வேலைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அந்த இரண்டு லட்சம் ஜிபே விவரம்தான் என் ஒரே சாட்சி.

வீட்டைப் பளிச்சாக்கச் செலவழித்த காசையும் அலைச்சலையும் பத்திரங்களைச் சரிசெய்வதில் போட்டிருக்க வேண்டும். பட்டா இன்னும் ஐயா பேரில். மலேசியா அண்ணன் கோலாலம்பூர் இந்திய ஹைகமிஷனில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும் என்பதே வாங்குகிறவர்களின் வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தளம் அழுக்காக இருக்கிறதா என்று அந்த வக்கீல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பங்காளிகளுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. பொதுச் சொத்து, நான் ஒருத்தன் கையெழுத்தில் போயிருக்கிறது. போன மாதம் காரைக்குடியில் ஒரு பழஞ்சாமான் கடையில் மங்குத் தூக்கு ஒன்றைப் பார்த்தேன். பிடியில் எங்கள் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள், வெட்டியிருந்தது. கடைக்காரர் 4,500 சொன்னார், 2,800 கொடுத்து வாங்கி வந்தேன். மூடி இல்லை.

வழக்கு நடப்பதால் ஆளின் பெயரை இங்கே போட முடியவில்லை. இப்போது பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வேலை பிடிக்கிறார் என்று கேள்வி. நாற்பது வயது இருக்கும், இடுப்பில் டேப், போனில் ‘முன்–பின்’ போட்டோக்கள். முகப்பில் நின்று பேசமாட்டார், நேரே மூன்றாங்கட்டுக்குத்தான் போவார்.