விக் தோர்ப்பைத் தேடித் தந்த ட்ரோவ்

என் மகள் இங்கே மெல்பர்னில் ஜூனியர் ஃபூட்டியில் (ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில்) ஃபுல்-பேக், அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளராக ஆடுகிறாள். "கோல் போடாதவங்களை யாருப்பா ஞாபகம் வெச்சுக்குவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் பழைய பத்திரிகைகளைப் படிக்கக் கிடைக்கும் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்துக்குப் போனேன். இரண்டு மாதமாக ராத்திரியெல்லாம் அதில்தான் இருக்கிறேன்.

நான் தேடிய ஆள் மெல்பர்னின் ரிச்மண்ட் கிளப்பில் ஃபுல்-பேக் ஆடிய விக் தோர்ப். 1910 முதல் 1925 வரை 263 ஆட்டங்கள், மொத்தமே 7 கோல். எதிரணியின் முக்கிய கோல் அடிப்பவரான ஃபுல்-ஃபார்வர்டை நகரவிடாமல் பிடிப்பது, பிஹைண்ட் (கோல் தவறிக் கிடைக்கும் ஒரு புள்ளி) விழுந்ததும் பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கி வைப்பது, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாத வேலை. கோல் அடித்தவர்களுக்குப் பெயரும் எண்ணிக்கையும் உண்டு. தடுத்தவரைக் கண்டுபிடிக்க ஆட்ட வர்ணனையை வரி வரியாகப் படிக்க வேண்டும். அந்த வர்ணனைகளைத்தான் ட்ரோவ் இலவசமாகத் தருகிறது. படிக்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம்.

முழுப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். அந்தக் கால நிருபர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். தோர்ப், ரிச்மண்ட் இரண்டையும் சேர்த்துப் போட்டு, மாநிலத்தையும் ஆண்டையும் சுருக்குங்கள். இன்னும் நல்ல வழி, சனிக்கிழமை ஆட்டத்துக்குத் திங்கட்கிழமை வந்த மெல்பர்ன் நாளிதழ் 'ஆர்கஸ்' இதழை நேரே திறப்பது. நூறு வருடத்து மை மங்கியிருப்பதால் கணினி படித்த எழுத்துகள் சில இடங்களில் பிறழ்ந்திருக்கும். வாசகர்களே பக்கத்திலேயே திருத்தலாம். தோர்ப் வரும் பத்திகளில் நானும் திருத்திக்கொண்டிருக்கிறேன், அவரைத் தேடி அடுத்து வருபவருக்கு உடனே கிடைக்கட்டும்.

1920இல் காலிங்வுட்டை வென்று ரிச்மண்ட் விக்டோரிய லீகில் (VFL) தன் முதல் கோப்பையை எடுத்தது. எனக்குப் பிடித்தது அடுத்த வருட இறுதி ஆட்டம்தான். ரிச்மண்ட் 36, கார்ல்டன் 32. ஒரு கோலுக்கு 6 புள்ளி, ஜெயித்தது 4 புள்ளியில்! பின்வரிசை இன்னும் ஒரே ஒரு கோலை விட்டிருந்தால் கோப்பை போயிருக்கும். தோர்ப் அந்த வரிசையின் கடைசி ஆள். 1996இல் ஆஸ்திரேலிய ஃபூட்டியின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள், சரிதான்.

அந்த ஸ்கோரை மகளிடம் காட்டினேன். "முழு மேட்சுக்கும் கார்ல்டனுக்கு நாலு கோல்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் தோர்ப் பெயரைத் தானே தட்டித் தேட ஆரம்பித்துவிட்டாள்.