சீசனுக்கு வீடு விட 'சோன் மாற்றி' தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

போடி, தேனி, கம்பத்திலிருந்து மலைக்கு மேலே, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறை, பள்ளிவாசல் பக்கம் வீடோ போர்ஷனோ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட 'சோன் மாற்றம்', அதாவது நிலத்தின் பயன்பாட்டைக் கமர்ஷியலாக மாற்றும் அனுமதி, வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் வாங்கியது 1,40,000 ரூபாய். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இந்த வேலையைச் செய்ய இவர் ஒருவர்தானா இருக்கிறார்?

எங்களுக்குச் சூரியநெல்லிக்கு மேலே அப்பா பெயரில் அரசு பட்டயம் கொடுத்த நிலம், அதில் மேலும் கீழுமாக நாலு போர்ஷன் வீடு. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டியது. கொழுக்குமலை ஜீப் புறப்படும் இடம் பக்கம் என்பதால் ஏப்ரல், மே, ஓணம், கிறிஸ்துமஸ் என்று ரூம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முறையாக அனுமதி வாங்கி விடலாம் என்று விசாரித்தபோதுதான் இந்த ஆள் வந்து சேர்ந்தார். நம்ம ஊர்த் தமிழ், ஆபீஸ் மலையாளம், இரண்டும் தண்ணீர் மாதிரி வரும். "அண்ணே, நீங்க போடியில இருந்து அலைய வேணாம். ரெவின்யூ, பஞ்சாயத்து, டூரிசம், மூணையும் ஒரே பேக்கேஜா முடிச்சுத் தரேன்" என்றார்.

அந்த 'பேக்கேஜ்' என்ற பேச்சில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. இந்த மூன்றும் மூன்று தனி விஷயங்கள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ரெவின்யூ பார்க்கும். கட்டடம் எந்த வகை என்பதைப் பஞ்சாயத்து பார்க்கும். கேரள பஞ்சாயத்து கட்டட விதிகளில் குடியிருப்பு ஏ1, லாட்ஜ் வகையறா ஏ2. டூரிசம் துறை கொடுப்பது ஹோம்ஸ்டேக்கு டயமண்ட், கோல்டு, சில்வர் என்ற தர வகைப்பாடு மட்டும். ஒன்றில் கிடைத்த காகிதம் இன்னொன்றுக்குச் செல்லாது. அந்த ஆள் செய்வதெல்லாம் ஒரு ஆபீஸ் காகிதத்தைக் காட்டி இன்னொரு ஆபீஸ் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக் காசு வாங்குவதுதான்.

முதலில் 60,000 வாங்கினார். கொஞ்ச நாளில் வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. மலையாளத்தில், மேலே கேரள அரசு முத்திரை, நம்பர், என் சர்வே நம்பர், தண்டப்பேர் நம்பர் (நிலவரிக் கணக்கு நம்பர்) எல்லாம் சரியாக இருந்தன. "தரம் மாத்தியாச்சுண்ணே. இனி உங்க நிலம் கமர்ஷியல்." எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்டத்தான் வரும். நம்பரும் ஆன்லைனில் போட்டால் வருகிறது. போலி என்று யார் சந்தேகப்படுவார்கள்?

அது போலியும் இல்லை, அதுதான் விஷயம். வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன, பூப்பாறையில் இருக்கும் பெரியவர் ஒருவர் பின்னால் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஃபார்ம் 6 விண்ணப்பம் கொடுத்ததுக்கான ரசீது. ஆர்டர் இல்ல. அதுவும் வயல் நிலத்துக்கு உள்ளது. உங்க மலைச்சரிவுல ஏது வயல்?"

விளக்கம் இதுதான். 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ரெவின்யூ ரிக்கார்டில் 'நிலம்' (மலையாளத்தில் இதற்கு வயல் என்று அர்த்தம்) என்று இருக்கும் வயலை வேறு பயனுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். டேட்டா பேங்க் என்ற வயல் பட்டியலில் இருந்து நீக்க ஃபார்ம் 5, அதில் சேராத நிலத்துக்கு ஃபார்ம் 6. எர்ணாகுளம், ஆலப்புழை, பாலக்காடு பக்கம் இது தினசரிப் பேச்சு. நம் வீடுகளின் சிக்கல் அது இல்லவே இல்லை. இடுக்கியில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அரசு பதித்துக் கொடுத்த பட்டயம். 1964 நிலப்பதிவு விதிப்படி கொடுத்தது அல்லது 1.1.1977க்கு முன் காட்டில் குடியேறியவர்களுக்கு 1993 சிறப்பு விதிப்படி கொடுத்தது. 1964 பட்டயம் என்றால் விவசாயத்துக்கும் வீடு கட்டவும்தான். ரிசார்ட், லாட்ஜ் என்பது அந்த நிபந்தனைக்குள் வராது. அதைத் தேவிகுளம் ரெவின்யூ கோட்ட (ஆர்டிஓ) ஆபீஸில் ஃபார்ம் 6 கொடுத்து மாற்ற முடியாது. யாரும் கொடுக்கலாம், ரசீதும் வரும். ஆள் அதைத்தான் 60,000க்கு விற்றார்.

"அதெல்லாம் பழைய சட்டம், இப்ப மாறிடுச்சு" என்பது அடுத்த அஸ்திரம். இதில் பாதி உண்மை இருப்பதால் உஷாராக இருக்க வேண்டியது இங்கேதான். கேரள அரசு நிலப்பதிவுத் திருத்த மசோதா 2023 செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது, கவர்னர் 2024 ஏப்ரலில் கையெழுத்திட்டார். பட்டய நிபந்தனை மீறல்களை முறைப்படுத்தும் அதிகாரம் அதில் இருப்பது நிஜம். யாருக்கு? அரசுக்கு. விதி வகுத்து, விண்ணப்பம் வாங்கி, கட்டணம் வாங்கி அரசு செய்ய வேண்டியது. "ஆர்டர் ரெடியா இருக்கு, மேல 50,000 கொடுத்தா உங்க பேரு சேர்த்துடுவாங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் அதையும் சொன்னார், அதற்கும் போனது.

டூரிசம் பக்கம் இன்னும் கூத்து. ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது. நான் போடியில் கடை வைத்திருக்கிறேன், மலைக்கு வந்து போகிறவன். நாலு தனி போர்ஷனைப் பூட்டிச் சாவி கொடுப்பது ஹோம்ஸ்டே ஆகாது. "பேப்பர்ல நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு போட்டுக்கலாம்" என்று ஒரு கோல்டு போர்டு அடித்து 30,000க்குக் கொடுத்தார். நல்ல பித்தளை போர்டு, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. துறையின் வகைப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

இந்தத் தைரியத்தில் போர்ஷன்களுக்குள் பாத்ரூம் பிரிக்கவும் மாடியில் ஷீட் போடவும் ஆரம்பித்தோம். உள்வேலைக்கு எதுவும் தேவையில்லை என்று அதே வாய்தான் சொன்னது. மூணாறைச் சுற்றி ரெவின்யூ என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இல்லாமல் கட்டக் கூடாது என்று வைத்த எட்டு வில்லேஜ் பட்டியலில் சின்னக்கானலும் இருக்கிறது. பள்ளிவாசல், சாந்தன்பாறை, கண்ணன் தேவன் ஹில்ஸ் எல்லாம் அதே பட்டியல்தான். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வந்தது ஸ்டாப் மெமோ, வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு. வந்த ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். நான் நீட்டிய ஃபார்ம் 6 ரசீதைப் பார்த்துவிட்டு, "இது யார் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் அட்வான்ஸ் கட்டியிருந்த நாலு குடும்பத்துக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

மூணாறில் இதெல்லாம் புதுசும் இல்லை. 2007இல் ஜேசிபி வந்து ரிசார்ட்டுகளை இடித்ததைப் பார்த்தவர்கள் நாம். 1999இல் தேவிகுளம் தாலுகாவில் கொடுத்த 530 பட்டயங்களை, 'ரவீந்திரன் பட்டயம்' என்பார்களே, அவற்றை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. கையெழுத்துப் போட்ட அதிகாரி ரவீந்திரனுக்கு அதிகாரம் உண்டா என்பதே அங்கே வழக்கு. கையில் பட்டயம் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், ரசீதை வைத்துக்கொண்டு ரூம் விடுவதைப் பற்றி என்ன சொல்ல.

சரி, யாரிடமும் பணம் கொடுக்கும் முன் நீங்களே என்ன பார்க்கலாம்? முதலில் அசல் பட்டயத்தை எடுத்து எந்த விதிப்படி, எதற்காகக் கொடுத்தது என்ற வரியைப் படியுங்கள், மலையாளம் படிக்கத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு. பத்திரத்தில் அது இருக்காது, பட்டயத்தில்தான் இருக்கும். அடுத்து வில்லேஜ் ஆபீஸில் கைவசச் சான்றிதழ் கேளுங்கள். 2019 ஆகஸ்ட் உத்தரவுக்குப் பிறகு நிலம் எதற்காகப் பதித்துக் கொடுக்கப்பட்டது என்பதையும் அதில் எழுதுகிறார்கள். இந்த ஒரு காகிதம் போதும், எந்த ஏஜென்ட் கதையும் நிற்காது. ஏலமலைக் காட்டு நிலம் (சிஎச்ஆர்) என்றால் அது வேறு பூதம், அங்கே கோர்ட் வழக்கே முடியவில்லை, ஆசையே படாதீர்கள். கரண்டையும் மறக்க வேண்டாம். வீட்டு இணைப்பில் லாட்ஜ் நடத்தினால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட்டுவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டையும் பற்றி அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

விண்ணப்பத்தை அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) உங்கள் சொந்த மொபைல் நம்பர் கொடுத்துப் போடுங்கள். என் விண்ணப்பத்தில் இருந்தது அவர் நம்பர்; அதனால் நிராகரித்த மெசேஜ்கூட எனக்கு வரவில்லை. ஆபீஸில் யாருக்கோ கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் காசு கேட்டால் கேரள விஜிலன்ஸ் டோல் ஃப்ரீ நம்பர் 1064.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏமாற்றுதலுக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318. ஜிபேயில் போன 90,000க்குக் கணக்கு இருக்கிறது, ரொக்கமாகக் கொடுத்த 50,000க்கு வாட்ஸாப் பேச்சு மட்டும்தான் சாட்சி. புகார் போனதும் 40,000 திரும்ப வந்தது, மீதிக்கு "அடுத்த மாசம்ணே" ஓடுகிறது. வீட்டை இப்போதைக்கு ஒரு ஸ்கூல் டீச்சர் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

பூப்பாறை, ஆனச்சால் பக்கம் இதே மாதிரி ஃபார்ம் 6 ரசீதை 'ஆர்டர்' என்று வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தனித்தனியாகப் போனால் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சிவில் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸாப் ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் வைத்திருப்பவர்கள் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.