மருமகன் காய்ச்சிய பீரும் கிணற்றடிப் பஞ்சாயத்தும்

என் அக்காள் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாக வீட்டுச் சமையலறையிலேயே பீர் காய்ச்சுகிறான். அந்த நாட்டில் அது குற்றமில்லை. பதினெட்டு வயது நிறைந்தவர் சொந்த உபயோகத்துக்காக, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நம் ஊரில் கதை வேறு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கள்ளுக்கே 1987 முதல் தடை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் அண்டா வாங்கக் கிளம்ப வேண்டாம்.

போன மே மாதம் அவன் விடுமுறைக்குக் காரைக்குடி வருவதாக இருந்தது. "உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகளுக்கும் என் பீரைக் கொண்டுவருகிறேன், அம்மான். குடித்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்" என்றான். உண்மையைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்ததே இல்லை. சிக்கல் அளவில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தீர்வை கட்டாமல் இரண்டு லிட்டர் மதுதான் கொண்டுவரலாம், பீரும் அதே கணக்கில் சேரும். 330 மில்லி பாட்டில் ஆறு வைத்தால் 1,980 மில்லி. வட்டிக் கணக்கில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த 20 மில்லி வீணாகிறதே என்று இரண்டு நாள் மனம் உறுத்தியது.

எந்த ஆறு பாட்டில் என்பதில்தான் தகராறு. அவன் முதலில் அனுப்பிய பட்டியலில் கசப்பு தூக்கலான ஐபிஏ என்ற வகை மூன்று, உப்புப் போட்டுப் புளிக்கவைத்த ஏதோ ஒரு ஜெர்மன் பீர் இரண்டு, கறுப்பு ஸ்டவுட் ஒன்று. எல்லாம் அவனுக்குப் பெருமை தேடித் தந்த சரக்கு. குடிக்கப் போகிறவர்கள் யார் என்று அவன் யோசிக்கவே இல்லை. ரைஸ் மில் அண்ணன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், என் மைத்துனர், ஒரு பங்காளி, நான். இந்த ஐந்து பேருக்கும் பீர் என்றால் 650 மில்லி பெரிய பாட்டில், ஸ்ட்ராங், பல் கூசுகிற குளிர்ச்சி. அவ்வளவுதான். 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. கிடைப்பதைக் குடித்துக் குடித்து, கிடைப்பதுதான் ருசி என்று நாக்கு முடிவு செய்துவிட்டது. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் புளித்த பீரை வைத்தால், "கெட்டுப்போனதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தாயா?" என்றுதான் கேட்பார்கள்.

"அவர்கள் குடிப்பது லாகர், குளிரில் நொதிக்கவைத்த தெளிந்த பீர். அதையே நீ நன்றாகக் காய்ச்சிக் கொண்டுவா" என்றேன். முடியாதாம். லாகர் ஈஸ்ட்டுக்குப் பத்து டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர் வேண்டும். நொதித்த பிறகு உறைநிலையை ஒட்டி வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அவன் வீட்டு ஃப்ரிட்ஜில் பாதி இடம் இட்லி மாவுக்கு. அதைவிட முக்கியமான காரணத்தை அவனே ஒப்புக்கொண்டான்: லாகரில் சிறு தவறு நடந்தாலும் மறைக்க வழியில்லை. ஐபிஏவில், கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைக் கொட்டி மூடிவிடலாம். மசாலா தூக்கலாக இருந்தால் கறி பழையது என்று தெரியாது அல்லவா, அதுபோல.

அரை மணி நேரத் தொலைபேசிப் பேரத்துக்குப் பிறகு படிந்தது இது: லாகரைப் போலவே தோற்றமளிக்கும் ப்ளாண்ட் ஏல் இரண்டு, பெல்ஜியம் பாணிக் கோதுமை பீரான விட்பியர் இரண்டு, ஸ்டவுட் ஒன்று. ஐபிஏ ஒன்றாவது வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்றான். சரி, ஒன்று. காலிப் பாட்டில்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. கெட்டிக் கண்ணாடியாம், மறுபடி மறுபடி அடைப்பானாம்.

வேட்டிகளில் சுற்றிய ஆறு பாட்டிலும் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, 90 கிலோமீட்டர் காரில் குலுங்கி, வியாழன் இரவு வீடு வந்து சேர்ந்தன. அன்றே திறக்க நான் தயார், அவன் விடவில்லை. வீட்டு பீரில் பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டியாகப் படிந்திருக்கும், பயணத்தில் அது கலங்கிவிடும். நட்டமாக நிறுத்தி இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் தெளியும். ஊற்றும்போதும் கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை, பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் நாற்காலி போட்டோம். வளவுக்குள், அதாவது வீட்டு உள்முற்றத்துக்குள், இதெல்லாம் நுழையக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஆச்சியின், அதாவது என் மனைவியின், சட்டம். பாட்டில்களைப் பார்த்ததும் "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு என்ற வரி எங்கே காணோம்?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைப் பணியாரம் சுடப் போனாள். எவர்சில்வர் வேண்டாம், கண்ணாடி டம்ளர்தான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நிறம் தெரிய வேண்டும். கண் ஒப்புக்கொள்ளாததை நாக்கு ஒப்புக்கொள்ளாது.

முதலில் ப்ளாண்ட் ஏல். வைக்கோல் நிறம், தெளிவு, வெள்ளை நுரை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்காகத்தானே அதை முதலில் வைத்தோம். "எத்தனை சதவீதம்?" என்றார் மைத்துனர். 4.8 என்றதும் ஏமாந்துபோனார். நம் ஸ்ட்ராங் பீர் எட்டு வரை போகும். ரைஸ் மில் அண்ணன் இரண்டாவது மடக்கில், "இதில் அந்தத் தொண்டை எரிகிற இனிப்பு இல்லை" என்றார். அந்த இனிப்பு இருக்கிறது என்பதையே நாற்பது வருடத்தில் அவர் இப்போதுதான் கவனிக்கிறார். இரண்டாவது பாட்டிலைத் திறந்தபோது பாதி பீர் பீய்ச்சியடித்துத் துவைகல்லுக்குப் போயிற்று. பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உள்ளேயே வாயுவை உண்டாக்கும். இவன் சர்க்கரையைச் சீராகக் கலக்கவில்லை. ஒன்றில் கூடுதல், மற்றொன்றில் குறைவு. கடைப் பொருளாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

பிறகு விட்பியர். இதற்குத்தான் நான் பயந்தேன், ஏனென்றால் இது பிறவியிலேயே கலங்கல். முளைகட்டாத கோதுமை சேர்ப்பதால் அப்படி. "கஞ்சித் தண்ணீர்" என்றார் பங்காளி. தலைமையாசிரியர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த நேரம் பணியாரத் தட்டோடு வந்த ஆச்சி, குடிக்கவில்லை, டம்ளரின் மேலாக ஒரு முறை மூச்சை இழுத்தாள். "கொத்துமல்லி. வறுக்காமல் போட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மருமகன் திகைத்துப்போனான். விட்பியரின் இரண்டு வாசனைப் பொருள்கள் கொத்துமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும்தான். அவன் விதையைப் பச்சையாகத் தட்டிப் போட்டிருந்தான். "அயித்தைக்கு எப்படித் தெரிந்தது?" என்றான். அறுபது வருடமாக மல்லி வறுக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியா அது? அதன் பிறகு டம்ளர்கள் மளமளவென்று காலியாயின. கலங்கல் என்று சொன்ன பங்காளிதான் இரண்டாம் சுற்று முதலில் கேட்டார். காரச் சட்னி தொட்ட பணியாரத்துக்கு மேல் இந்த பீர் இறங்கும் சுகம் தனி. காரத்தோடு அது சண்டை போடவில்லை, கசப்பும் மிகக் குறைவு. பெல்ஜியத்தில் இந்த வகையே 1950-களில் அழிந்துபோய், ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் அறுபதுகளில் மறுபடி காய்ச்சி உயிர் கொடுத்தாராம். எங்கள் முகப்பில் தொங்கும் ஆளுயரக் கண்ணாடியும் பெல்ஜியத்துச் சரக்குதான். அந்த நாட்டோடு நமக்கு இன்னொரு கொடுக்கல் வாங்கலும் இருந்திருக்கலாம் போலிருக்கிறது.

ஸ்டவுட்டைப் பார்த்ததும் மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்பு என்றால் வேகம் அதிகம் என்பது அவர் கணக்கு. சதவீதம் 4.2 தான், மாலையின் மிக மெலிந்த பீர் அதுவே. நிறம் வறுத்த பார்லியால் வருகிறது. சாராயச் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை நம்பவைக்க முடியவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் ருசி? கருப்பட்டி போட்ட வறக்காப்பியை ஆறவைத்துக் குடித்தது போல. சர்க்கரையே இல்லாமல் கருப்பட்டி நினைவு எப்படி வருகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் வேலை பார்த்த என் ஐயா, சீனர் கடைக் கறுப்பு பீரைப் பற்றிச் சொல்வார். டைகர் பீர் 1932-இல் அங்கே விற்பனைக்கு வந்த காலத்து ஆள் அவர். அவர் சொன்னதை நான் எழுபது வயதை நெருங்கிக் கிணற்றடியில் ருசி பார்த்தேன். ஆளுக்கு 66 மில்லி. போதவே இல்லை. ஒரே பாட்டிலுக்கு ஒப்புக்கொண்டது என் தவறு. புது ஆள்கள் கறுப்பு பீரைத் தொடமாட்டார்கள் என்று நானே தப்புக் கணக்குப் போட்டேன்.

கடைசியில் ஐபிஏ. லேபிளில் கசப்பு அளவு 60 என்று கையால் எழுதி ஒட்டியிருந்தான். சாதாரண லாகரில் பத்து பதினைந்துதான் இருக்கும். மூக்குக்கு நன்றாகவே இருந்தது, மாம்பழம், எலுமிச்சைத் தோல். வாயில் போட்டால் வேப்பம்பூ ரசத்தில் ரசத்தை எடுத்துவிட்டதுபோல. இதுவும் பொறுத்திருக்கலாம், அதே நேரத்தில் உப்புக்கறி வந்து சேர்ந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் காய்ந்த மிளகாயுமாக வதங்கிய ஆட்டுக்கறி. அதன் எரிச்சலை இந்தக் கசப்பும் வாயுவும் ஊதிப் பெரிதாக்கின. ரைஸ் மில் அண்ணன் கண்ணில் நீரோடு, "தம்பி, மோர் இருக்கிறதா?" என்றார். தலைமையாசிரியர் மட்டும் நிதானமாக முடித்துவிட்டு, "பழகினால் பிடிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். மருமகன் அந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சில் பதக்கமாகக் குத்திக்கொண்டான்.

அடுத்த வருகைக்கு நான் கொடுத்திருக்கும் ஆர்டர்: விட்பியர் மூன்று, ஸ்டவுட் மூன்று. ப்ளாண்ட் ஏலில் குறையில்லை, ஆனால் அதைப் போன்ற ஒன்று இங்கேயே குளிரக் கிடைக்கிறது. சர்க்கரையை ஒழுங்காகக் கலக்கச் சொல்லியிருக்கிறேன். ஐபிஏவைத் தலைமையாசிரியருக்கென்று தனியாகக் கொண்டுவரட்டும், அளவுக் கணக்கை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலிப் பாட்டில்களைத் தேடினான். ஆறையும் ஆச்சி வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, நான்கில் நல்லெண்ணெயும் இரண்டில் நன்னாரி சர்பத்தும் ஊற்றி அலமாரியில் அடுக்கிவிட்டிருந்தாள். அயித்தையிடம் கேட்கும் துணிச்சல் அவனுக்கு வரவில்லை.