நமக்காக நாமளே எழுதுறதுக்கு பிளாகர் எப்படி? ரொம்ப வருஷமா யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

பிளாக் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கறதுன்னு யாராச்சும் கேட்டா, எதுக்கு எழுதப் போறீங்கன்னுதான் நான் முதல்ல திருப்பிக் கேப்பேன். சம்பாதிக்கணும், தொழிலுக்கு ஆள் புடிக்கணும்னா அதுக்கு வேர்ட்பிரஸ்ங்கற இன்னொரு பிளாக் மென்பொருள்ல சொந்தமா ஹோஸ்டிங் (சைட்ட வைக்க வாடகை இடம்) எடுக்கறது, நியூஸ்லெட்டர், வீடியோன்னு ஏகப்பட்ட வழி இருக்கு, இந்த ரிவ்யூ அவங்களுக்கு இல்ல. மனசுல ஓடிட்டே இருக்கறத எங்கயாவது இறக்கி வைக்கணும், பின்னாடி ஒருநாள் எடுத்துப் பாக்கணும், நாலு பேர் படிச்சா சந்தோஷம், யாருமே வரலேன்னாலும் எழுதத்தான் போறேன்னு இருக்கறவங்களுக்கு கூகிளோட பிளாகர் சரிப்பட்டு வருமான்னுதான் சொல்ல வரேன். வரும், நல்லாவே வரும், ஆனா பேக்கப் விஷயத்துல மட்டும் நீங்கதான் உஷாரா இருக்கணும்.

1999 ஆகஸ்ட்ல பைரா லேப்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சது இது, 2003ல கூகிள் வாங்கிடுச்சு. இவ்ளோ பழசா இருக்கறது ஒரு குறைன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுதான் பெரிய ப்ளஸ். நாட்குறிப்பு மாதிரி எழுதுறவங்களுக்கு இடம் நிலைச்சு நிக்கறதுதானே முக்கியம்? ஜியோசிட்டீஸ்ல எத்தனையோ பேர் ஆசையா கட்டி வச்ச பக்கத்தையெல்லாம் 2009ல யாஹூ மூடிடுச்சு, ட்விட்டர் வாங்கின போஸ்டரஸ்ங்கற பிளாக் சைட் 2013 ஏப்ரலோட போச்சு, கூகிளே தன்னோட கூகிள் ரீடரையும் கூகிள் ப்ளஸ்ஸையும் இழுத்து மூடினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நடுவுல இது மட்டும் ஓடிட்டே இருக்கு. நாளைக்கும் இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அந்த பேக்கப் கதைக்கு கடைசில வரேன்.

ஆரம்பிக்கறதுல ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஜிமெயில் அக்கவுன்ட் இருந்தா போதும், ஒரு தலைப்பு, blogspot.com-னு முடியற ஒரு அட்ரஸ், அவ்ளோதான், காசு கிடையாது. ஒரே அக்கவுன்ட்ல 100 பிளாக் வரைக்கும் வச்சுக்கலாம்ங்கறதால வெளியில காட்டுறது ஒண்ணு, நமக்கு மட்டும் ஒண்ணுன்னு பிரிச்சுக்கலாம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

எனக்கு ரொம்பப் புடிச்ச வசதி தேதிய மாத்துறது. போஸ்ட் எழுதுற பக்கத்துல ஓரமா பப்ளிஷ் ஆகற தேதின்னு ஒண்ணு இருக்கும், அதுல பழைய தேதி குடுத்தா போஸ்ட் அந்தத் தேதிக்கே போய் ஆர்க்கைவ்ல, அதாவது பழைய போஸ்ட்டோட தேதிவாரி பட்டியல்ல, உக்காந்துக்கும். பழைய டைரி, நோட்டுப் புத்தகத்துல கிறுக்கி வச்சது, யாருக்கோ எழுதி அனுப்பாமலே விட்ட மெயில், எல்லாத்தையும் அததோட நாள்ல கொண்டு போய் வைக்கலாம். ஆர்க்கைவ் கேட்ஜெட் வருஷம், மாசம்னு விரியும்போது வாழ்க்கை வரிசையா கண்ணு முன்னாடி நிக்கும். எந்த மாசம் எழுதாம விட்டிருக்கோம்னு பாத்தாலே அப்ப நாம எப்படி இருந்தோம்னு தெரிஞ்சிடும். சோஷியல் மீடியால இது எனக்குக் கிடைக்கவே இல்ல, அங்க போட்டது ரெண்டு நாள்ல கீழ போயிடும், அப்புறம் தேடி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

அடுத்தது யார் படிக்கலாம்ங்கறது. செட்டிங்ஸ்ல மூணு விதமா வச்சுக்கலாம், எல்லாரும் படிக்கலாம், இல்ல எழுதுறவங்க மட்டும், இல்ல நாம மெயில் ஐடி குடுத்து கூப்பிடுறவங்க மட்டும், அது 100 பேர் வரைக்கும். இதுபோக கூகிள் மாதிரி சர்ச் எஞ்சின்ல நம்ம பிளாக் வராம வைக்கறதுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கு. தேடுறவங்க கண்ணுல படக்கூடாது, ஆனா லிங்க் குடுத்தா எவரும் படிக்கலாம்னு ஒரு நடுநிலை வேணும்னா அதத்தான் போடணும். சொந்த விஷயம் எழுதும்போது கை நடுங்குறதே யார் பாப்பாங்களோன்னுதான், அந்தக் கவலைய மொதல்லயே தீர்த்துட்டா எழுத்து தானா வரும். ஆனா இத எழுதி வச்சுக்கோங்க, இந்த செட்டிங் மொத்த பிளாக்குக்கும் சேத்துதான், ஒரு போஸ்ட்ட மட்டும் பூட்டி வைக்க முடியாது. அது வேணும்னா வேர்ட்பிரஸ் பக்கம் போங்க, அங்க போஸ்ட் வாரியா பாஸ்வேர்ட் போடலாம்.

மெயில் அனுப்பி போஸ்ட் போடுற வசதி நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. செட்டிங்ஸ்ல ஒரு ரகசிய வார்த்தை வச்சா நமக்குன்னு ஒரு மெயில் ஐடி கிடைக்கும், அதுக்கு அனுப்பினா சப்ஜெக்ட் தலைப்பாவும் உள்ள இருக்கறது போஸ்ட்டாவும் ஆயிடும். அந்த ஐடி யார்கிட்ட இருந்தாலும் அவங்களும் போஸ்ட் போட முடியும்ங்கறதால வெளிய சொல்லாதீங்க, டிராஃப்ட்டா சேவ் ஆகற மாதிரி வச்சுக்கறது இன்னும் நல்லது.

அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப இதுதான் எனக்குத் துணை. ராத்திரி வராண்டா பெஞ்சுல உக்காந்துட்டு ஃபோன்ல ரெண்டு வரி மூணு வரி அனுப்பிட்டே இருப்பேன், டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரைய நிறுத்தினாங்க, எத்தனை மணிக்கு ஜுரம் அடிச்சது, அம்மா தூக்கத்துல யார் பேரச் சொன்னாங்க. அதுக்கு எல்லாத்துக்கும் ஒரே லேபிள், அதாவது ஒரே விஷயத்தப் பத்தின போஸ்ட்டையெல்லாம் சேத்து எடுக்க வைக்கற பேர். பின்னாடி வேற டாக்டர்கிட்ட போனப்ப அவர் கேட்ட எல்லாத்துக்கும் அந்த லேபிளத் தட்டி தேதியோட பதில் சொல்ல முடிஞ்சது, இது நான் எதிர்பாத்த உபயோகம். எதிர்பாக்காதது, அம்மா உடம்பு தேறி வீட்டுக்கு வந்தப்புறம் அத முழுசா படிச்சாங்க. படிச்சு முடிச்சுட்டு, இதுல நீ சாப்டியா தூங்குனியான்னு ஒரு வரி கூட இல்லையேடான்னு கேட்டாங்க. என்னப் பத்தியும் நாலு வரி எழுதணும்னு எனக்குத் தோணினதே அதுக்கப்புறம்தான்.

எழுதுறதால மனசு லேசாகுதுங்கறது நம்ம நினைப்பு மட்டும் இல்ல. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர், சாண்ட்ரா பீல்னு ஒருத்தரோட சேர்ந்து 1986ல ஒரு ஆய்வு வெளியிட்டார். காலேஜ் ஸ்டூடண்ட்ஸ தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம் எழுதச் சொன்னாங்க, சில பேர் சாதாரண விஷயம், சில பேர் மனச ரொம்பப் பாதிச்ச விஷயம். நடந்ததையும் அதப் பத்தின உணர்ச்சியையும் சேத்து எழுதினவங்க எழுதின அன்னைக்கு கொஞ்சம் கலங்கித்தான் போனாங்க, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல ஹெல்த் சென்டருக்கு மத்தவங்கள விட கம்மியாத்தான் போனாங்க. அதனால எழுதி முடிச்ச உடனே மனசு பாரமா இருந்தா பயந்துடாதீங்க, எனக்கும் அப்படித்தான் ஆகும், மறுநாளோ அதுக்கப்புறமோதான் தெளியும். உடனே பப்ளிஷ் பண்ணாம டிராஃப்ட்டா விட்டு வைக்கறதும் இதுக்காகத்தான், பிளாகர் நாம டைப் பண்ணப் பண்ண தானாவே சேவ் பண்ணிக்கறதால அதுல கவலை இல்ல.

ஸ்டாட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, எத்தனை பேர் பாத்தாங்கன்னு காட்டும். நமக்காக எழுதுறவங்க அங்க அடிக்கடி போகாம இருக்கறது நல்லது, நம்பர் கண்ணுல பட்டா எழுதுற விஷயமே மெல்ல மாறிடும். கமென்ட்டும் அப்படித்தான், வேண்டாம்னா மொத்தமா மறைச்சிடலாம், இல்ல நாம பாத்து விட்டாத்தான் வரும்னு வைக்கலாம். நான் ரெண்டாவதுல வச்சிருக்கேன், ஏன்னா எங்கயோ இருக்கற ஒருத்தர், எங்க வீட்லயும் இதே நடந்துதுங்கன்னு ஒத்த வரி எழுதிட்டுப் போறதுல கிடைக்கற ஆறுதல விட்டுக் குடுக்க எனக்கு மனசில்ல.

குறைன்னு பாத்தா, தீம் எல்லாம் இப்பத்த கண்ணுக்கு கொஞ்சம் பழசாத் தெரியும். லேபிளுக்குள்ள உட்பிரிவு கிடையாது, அதனால லேபிள் பேர ஆரம்பத்துலயே யோசிச்சு கம்மியா வச்சுக்கோங்க. புது வசதி வருதுன்னு காத்துட்டு இருக்கறவங்களுக்கு இது ஏத்த இடம் இல்ல.

இப்ப பேக்கப். செட்டிங்ஸ்ல பேக்கப் எடுக்கற ஆப்ஷன் இருக்கு, போஸ்ட், பேஜ், கமென்ட் எல்லாம் ஃபைலா வந்துடும், நாளைக்கு வேற இடத்துக்குப் போகணும்னா வேர்ட்பிரஸ்ல அத இம்போர்ட் பண்ணிக்கலாம். ஆனா போஸ்ட்டுக்குள்ள படம் இருக்கற இடத்துல லிங்க் மட்டும்தான் இருக்கும், படத்த தனியா எடுத்து வச்சுக்கணும். இன்னொண்ணு, 2 வருஷம் தொடாம விட்ட பர்சனல் அக்கவுன்ட்ட அழிக்கற பாலிசிய கூகிள் 2023ல கொண்டு வந்துடுச்சு. பிளாக்குக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் ஓப்பன் பண்ணி அத மறந்துட்டீங்கன்னா வம்பு, அதனால தினம் யூஸ் பண்ற அக்கவுன்ட்டயும் அந்த பிளாக்ல இன்னொரு அட்மினா சேத்து வைங்க. எழுத மட்டும் உரிமை குடுக்கறது, அட்மின் உரிமை குடுக்கறது ரெண்டும் வேற வேற, முதல்ல சேக்கும்போது எழுதுறவர்னுதான் சேரும், அப்புறமா பர்மிஷன்ஸ்ல போய் அட்மின்னு மாத்தி விடணும்.