மதுரைக்கு மலிவு டிக்கெட், பதில் சொல்லத்தான் ஆளில்லை

தங்கை வளைகாப்புக்காகச் சென்னையிலிருந்து காலை 6:40 விமானம். கைப்பை 7 கிலோவுக்கு மேல் 900 கிராம் கூடுதல் என்று பணம் வாங்கினார்கள். விதி விதிதான், கட்டினேன். கிராம் கணக்குப் பார்க்கிறவர்கள் மணிக்கணக்கையும் பார்ப்பார்கள் என்று நம்பியது என் தப்பு.

7:30 ஆனது, 8:15 ஆனது. கேட்டால் "ஆபரேஷனல் ரீசன் சார்". அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. அதைச் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்த பெண் மேலாளரைத் தேடிப் போனார். போனவர் போனவர்தான். இட்லியை நானே வாங்கினேன், ஏர்போர்ட் விலைக்கு.

9:50க்கு 'ரத்து' என்று குறுஞ்செய்தி. கவுன்ட்டரில் "ஆப்ல பாருங்க சார்". ஆப்பில் சாட்பாட், "மன்னிக்கவும், புரியவில்லை". நான் தமிழில், ஆங்கிலத்தில், கடைசியில் கெட்ட வார்த்தையிலும் கேட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் அதே பதில்.

டிக்கெட் பணம் பதினோரு நாள் கழித்து வந்தது, அதுவும் விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்ட பிறகு. இருக்கைக்குத் தனியாகக் கட்டிய 350 ரூபாய் இன்னும் வரவில்லை.

விமானி, பணிப்பெண்கள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களை நான் பார்க்கவே இல்லையே! ஒரு நட்சத்திரம். அடுத்த முறை பாண்டியன் எக்ஸ்பிரஸ்.