பழைய டூ ஸ்ட்ரோக்கா, எக்ஸ்எல் 100-ஆ? பூ மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விடியுமுன் மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றி வரும் மொபெட்டுகளில் டிவிஎஸ்ஸின் பழைய 69.9 சிசி டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லும் உண்டு, 2015-இல் வந்த 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100-உம் உண்டு. இரண்டும் உழைக்கும். கெட்டுப்போகிற விதம்தான் வேறு.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில்தான் உயிர். லிட்டருக்கு 20 மில்லி. ஒருமுறை மறந்தாலும் பிஸ்டன் ஜாம் ஆகி, சிலிண்டர் கீறிவிடும். பயந்துபோய் இரட்டிப்பாக ஊற்றினால் பிளக்கில் கரி ஏறும், சைலன்சர் அடைக்கும், மேட்டில் இழுவை போகும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஆண்டிபட்டி கணவாய் மாதிரி நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியே இறங்கினால், பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும். இடையிடையே லேசாகத் திருகிவிட வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் மெதுவாகச் சாகும். ஆயில் குறைவது வெளியே தெரியாது. டேப்பட் (வால்வுப் பகுதி) சத்தம் கேட்கும்போது தேய்மானம் தொடங்கியிருக்கும். வாரம் ஒருமுறை சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். மாற்றும்போது எஞ்சின் சூடாக இருக்கையில் வடியுங்கள், அடிக்கசடும் சேர்ந்து வரும். கார் ஆயில் வேண்டாம். அதில் உள்ள சேர்மானத்தால் கிளட்ச் வழுக்கலாம். செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் உள்ளதைவிடச் சீக்கிரம் சுத்தம் செய்யுங்கள்.

உண்மையில் சுமை வண்டியை முதலில் தளர்த்துவது அடிப்பாகம்தான். இதில் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டது. பின் ஷாக் அப்சார்பரில் ஒன்று ஆயில் கசிந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று தளர்ந்து ஒன்று விறைப்பாக இருந்தால் சுவிங் ஆர்ம் முறுக்கி, புதுப் புஷ்ஷையும் தின்றுவிடும். முன் ஃபோர்க்கில் சீல் மாற்றுமுன் குழாயின் மேல் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். துருக்குழியில் நகம் மாட்டினால் புதுச் சீலும் சீக்கிரமே கிழியும். குழாயையே மாற்றுவதுதான் வழி.

தினமும் நெடுந்தூரம் மூட்டையோடு ஓடுகிறவருக்கு என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. வீட்டில் நன்றாக ஓடும் பழைய எக்ஸ்எல் இருந்தால், தோட்டத்துக்கும் பக்கத்து ரோட்டுக்கும் போய்வர அது போதும், விற்க வேண்டாம். ஆனால் டூ ஸ்ட்ரோக்கைப் புதிதாகத் தேடி செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். அதன் கிராங்க் தண்டின் ஓரத்து ரப்பர் சீல் காய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். ஆயில் சரியாகக் கலந்தாலும் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்க மறுக்கிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள், அது சரியென்றால் சீல்தான் சந்தேகம்.